இந்தியா பிற நாடுகளுக்குத் தரும் உதவிப் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் வெளியானதும், பூட்டானுக்கு இத்தனை கோடி, மாலத்தீவுக்கு இத்தனை கோடி என்று ஒரு பட்டியல் செய்தித்தாள்களில் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களோடு அந்த ஆவணங்களை வாசிக்கும்போதெல்லாம் அதே ஐயங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைக் கொடுத்துப் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு ஆண்டு சொல்லப்படாத இடங்களில் எல்லாத் தொகைகளும் 2025-26 நிதியாண்டின் தொடக்க மதிப்பீட்டில் உள்ளவை.

நாமே வெளிநாட்டிலிருந்து உதவி வாங்குகிற நாடு. நாம் எப்படி மற்றவர்களுக்குக் கொடுக்கிறோம்?

இரண்டும் ஒரே காலத்தில் நடக்கின்றன, நெடுங்காலமாகவே நடந்துவருகின்றன. ஆசிய நாடுகளின் வளர்ச்சி உதவிக்காக 1950-இல் உருவான கொழும்புத் திட்டத்தில் இந்தியா தொடக்க உறுப்பினராக இருந்தது. வெளிநாட்டவருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி தரும் ஐடெக் திட்டம் 1964 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதே ஆண்டுகளில் நாம் வெளியிலிருந்து உணவு தானியமும் கடனும் வாங்கிக்கொண்டிருந்தோம்.

2003-இல் அன்றைய நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங், சில பெரிய நாடுகளையும் ஐரோப்பிய ஒன்றியத்தையும் தவிர மற்றவர்களிடமிருந்து இருதரப்பு உதவி பெறுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். பிரிட்டன் இந்தியாவுக்கு அளித்துவந்த வழக்கமான நிதியுதவி 2015-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் ஜப்பானின் சலுகைக் கடன் இன்றும் வருகிறது. சென்னை மெட்ரோ ரயிலுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கும் பணம் அங்கிருந்துதான் வந்தது. கடன் வாங்கி மெட்ரோ கட்டுகிற ஒரு நாடு வேறொரு நாட்டில் வீடு கட்டிக் கொடுப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டுக்குமான காரணங்கள் வேறு வேறு.

மொத்தம் எவ்வளவு கொடுக்கிறோம்?

வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்ட மொத்தத் தொகை 20,516 கோடி ரூபாய். தூதரகங்கள், கடவுச்சீட்டு அலுவலகங்கள், ஐ.நா. போன்ற அமைப்புகளுக்கான சந்தா எல்லாம் இதற்குள் அடக்கம். அதற்குள் ‘நாடுகளுக்கான உதவி’ என்ற தலைப்பின்கீழ் வருவது 5,483 கோடி ரூபாய். மத்திய அரசின் அந்த ஆண்டு மொத்தச் செலவு சுமார் 50.65 லட்சம் கோடி என்பதால், அரசு செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறத்தாழ 11 பைசா இந்தத் தலைப்புக்குப் போகிறது.

இந்தத் தொகையை மட்டும் ‘இந்தியாவின் வெளிநாட்டு உதவி’ என்று எழுதிவைத்துக்கொள்ள வேண்டாம். ஏன் என்பது பங்களாதேஷ் பற்றிய கேள்வியில் தெரியும்.

எந்த நாட்டுக்கு எவ்வளவு?

பூட்டானுக்கு 2,150 கோடி, நேபாளத்துக்கு 700 கோடி, மாலத்தீவுக்கு 600 கோடி, மொரிஷியஸுக்கு 500 கோடி, மியான்மருக்கு 350 கோடி, இலங்கைக்கு 300 கோடி. இந்த ஆறு நாடுகளுக்கே 4,600 கோடி போய்விடுகிறது. மீதியில் ஆப்பிரிக்க நாடுகள் அனைத்துக்குமாக 225 கோடி, பங்களாதேஷுக்கு 120 கோடி, ஆப்கானிஸ்தானுக்கு 100 கோடி, ஈரானின் சபஹார் துறைமுகத்துக்கு 100 கோடி, லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு 60 கோடி, யூரேசிய நாடுகளுக்கு 40 கோடி, சீஷெல்ஸுக்கு 19 கோடி, மங்கோலியாவுக்கு 5 கோடி. பிற வளரும் நாடுகள் என்று 150 கோடியும், எங்கே பேரிடர் வந்தாலும் அனுப்புவதற்கென்று 64 கோடியும் தனியே வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆட்கணக்கில் வகுத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். எட்டு லட்சம் பேர்கூட இல்லாத பூட்டானில் தலைக்கு 25,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. 17 கோடிப் பேர் வாழும் பங்களாதேஷில் அதே கணக்கு 7 ரூபாய் அளவில் நிற்கிறது.

பூட்டான் இவ்வளவு சின்ன நாடு. பாதிக்குப் பக்கமாக அதற்கே ஏன் போகிறது?

துல்லியமாகச் சொன்னால் 39 சதவீதம். இதன் வேர் 1961-இல் இருக்கிறது. அந்த ஆண்டு தொடங்கிய பூட்டானின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் அதற்கடுத்த திட்டத்துக்கும் முழுப் பணத்தையும் இந்தியாவே கொடுத்தது. சாலையே இல்லாத ஒரு மலைநாட்டில் சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அப்படித்தான் தொடங்கின. பின்னர் பூட்டானின் சொந்த வருவாய் வளர வளர நம் பங்கின் விகிதம் குறைந்துவந்தாலும் ஏற்பாடு நிற்கவில்லை. 2024 முதல் 2029 வரையிலான பதின்மூன்றாம் திட்டத்துக்கு 10,000 கோடி ரூபாய் தருவதாக இந்தியா ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த வாக்குறுதியின் ஆண்டுப் பங்கு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் இடம்பெற்றே ஆக வேண்டும்.

இன்னொரு பெரும் பகுதி நீர்மின் நிலையங்களுக்கானது. 336 மெகாவாட் சுக்கா, 1,020 மெகாவாட் தாலா ஆகிய நிலையங்களுக்குச் செலவில் 60 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டாத மானியமாகவும் 40 சதவீதத்தைக் கடனாகவும் இந்தியா கொடுத்தது. 2019-இல் நிறைவடைந்த 720 மெகாவாட் மாங்தேச்சு நிலையத்தில் அந்த விகிதம் தலைகீழாக மாறி, 30 சதவீதம் மட்டுமே மானியம், 70 சதவீதம் கடன் என்று ஆயிற்று. உபரி மின்சாரத்தை இந்தியாவே வாங்கிக்கொள்கிறது. அந்த வருமானத்திலிருந்து பூட்டான் கடனை அடைக்கிறது. ஆகவே பூட்டானுக்கென்று பட்ஜெட்டில் காணும் தொகை முழுவதும் இலவசமன்று. அதில் ஒரு பகுதி வட்டியோடு திரும்பி வரும் கடன்.

இந்த முறைக்கும் ஒரு வலி உண்டு. 1,200 மெகாவாட் புனாட்சாங்சு முதல் நிலையத்தின் பணி, அணை அமையும் இடத்தில் மலைச்சரிவு நகர்ந்ததால் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. மின்சாரம் வராத ஆண்டுகளிலும் கடனும் வட்டியும் ஏறிக்கொண்டேயிருக்கும். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நட்பு எவ்வளவு ஆழமாக இருந்தாலும், நிலையம் ஓடத் தொடங்கும்வரை அந்தச் சுமை சின்ன நாட்டின் தலையில்தான் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது.

பங்களாதேஷுக்கு 120 கோடிதானா? ஆயிரக்கணக்கான கோடி கொடுத்ததாகப் படித்தேனே?

படித்தது சரிதான். அந்தப் பணம் வேறு பையிலிருந்து போகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் பட்டியலில் வராத ‘கடன் வரம்பு’ என்ற வழி அது. 2010-இல் 100 கோடி டாலர், 2016-இல் 200 கோடி டாலர், 2017-இல் 450 கோடி டாலர் என்று மூன்று கடன் வரம்புகள் பங்களாதேஷுக்கு அளிக்கப்பட்டன. முதலாவதில் 20 கோடி டாலர் பின்னர் மானியமாக மாற்றப்பட்டது. இவற்றின் நிபந்தனை ஆண்டுக்கு 1 சதவீத வட்டி, 20 ஆண்டுத் தவணை, அதில் முதல் 5 ஆண்டுகளுக்கு அசலைக் கட்ட வேண்டாம் என்பது.

எனவே பட்டியலில் 120 கோடி ரூபாயோடு கடைசி வரிசையில் நிற்கும் நாடு, கடன் வரம்புக் கணக்கில் முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ‘இந்தியா இந்த நாட்டைப் புறக்கணிக்கிறது’ என்று எழுதுவது எவ்வளவு பிழையாகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

கடன் வரம்பு என்றால் என்ன? அது யாருடைய பணம்?

வங்கி ஒரு வணிகருக்கு ‘இத்தனை லட்சம் வரை எடுத்துக்கொள்ளலாம்’ என்று எல்லை வைப்பதைப் போன்றதுதான் இது. அறிவித்த அன்றே பணம் கைமாறுவதில்லை. கடன் பெறும் நாடு ஒரு ரயில்பாதையையோ மின்கடத்திப் பாதையையோ கட்டத் தொடங்கியபின், வேலை நடக்க நடக்க, செய்த வேலைக்கான தொகையை, மத்திய அரசுக்குச் சொந்தமான ஏற்றுமதி-இறக்குமதி வங்கி (எக்ஸிம் வங்கி) ஒப்பந்தக்காரருக்கு நேரடியாகச் செலுத்துகிறது. அந்த நாட்டின் பெயரில் கடன் ஏறுகிறது. இதனால் அறிவிப்புத் தொகைக்கும் உண்மையில் எடுக்கப்பட்ட தொகைக்கும் இடையில் பல ஆண்டு இடைவெளி விழும்.

பணம் எக்ஸிம் வங்கி சந்தையில் திரட்டியது. சந்தையில் அதிக வட்டிக்கு வாங்கி 1 சதவீதத்துக்குக் கொடுத்தால் வங்கி நொடித்துப்போகும் அல்லவா? அந்த வட்டி வித்தியாசத்தை மத்திய அரசு ஈடுகட்டுகிறது. கடனுக்கு உத்தரவாதமும் தருகிறது. ஈடுகட்டும் தொகை நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக் கணக்கில் வருகிறது. வரி செலுத்துபவரின் பணம் உண்மையில் செலவாகும் இடம் அதுதான். இந்த ஏற்பாடு இப்போதைய வடிவில் 2003-04 முதல் நடந்துவருகிறது. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பட்ஜெட்டில் 225 கோடி மட்டுமே இருப்பதன் விளக்கமும் இதில் இருக்கிறது. அவற்றுக்கான பெருந்தொகை கடன் வரம்புகளாகவே போகிறது.

அப்படியானால் நம் கம்பெனிகளுக்கே பணம் திரும்பி வருகிறதா?

பெரும்பாலும் ஆம். இது ஒளிவுமறைவான செய்தியன்று. கடன் வரம்பில் வாங்கும் பொருள்களிலும் சேவைகளிலும் பொதுவாக 75 சதவீதம் இந்தியாவிலிருந்து வர வேண்டும் என்று விதியே இருக்கிறது. சில திட்டங்களுக்கு அது தளர்த்தப்படுவதுண்டு. இந்திய நிறுவனங்களுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது, கடன் பெறும் நாட்டுக்குக் குறைந்த வட்டியில் பாலமோ மின்நிலையமோ கிடைக்கிறது. ஆனால் போட்டிக்கு வருபவர்கள் குறைவதால் விலை கூடலாம். உள்ளூர் ஒப்பந்தக்காரர்கள் ஒதுக்கப்படலாம். பணக்கார நாடுகள் இப்படி நிபந்தனையோடு கொடுப்பதை வளரும் நாடுகள் பல ஆண்டுகளாகக் குறைகூறிவந்திருக்கின்றன. அதே குறையை நாமும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

மானியம் என்றால் அந்த நாட்டு அரசின் கையில் காசாகக் கொடுப்பதா?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பட்ஜெட்டில் ‘மானியக் கோரிக்கை’ என்று வருவது, செலவுக்கு நாடாளுமன்றத்திடம் அரசு அனுமதி கேட்பது. உரத்துக்கும் எரிவாயுவுக்கும் தருவது விலைச்சலுகை. வெளிநாட்டு உதவியில் மானியம் என்பது திருப்பித் தர வேண்டாத உதவி. மூன்றும் ஒன்றல்ல.

அது காசாகக் கைமாறுவது அரிது. பூட்டானின் திட்டச் செலவுக்கு நேரடியாகப் போகும் ஒரு பகுதியைத் தவிர, பெரும்பாலும் ஒரு கட்டடமாகவோ சாலையாகவோ மருந்தாகவோதான் போகிறது. ஆப்கானிஸ்தானின் ஹெராத் மாகாணத்தில் 2016-இல் திறக்கப்பட்ட சல்மா அணையை இந்தியப் பொதுத்துறை நிறுவனமான வாப்கோஸ் கட்டி முடித்துக் கொடுத்தது. நேபாளத்தில் பள்ளி, சுகாதார நிலையம் போன்ற சிறு திட்டங்கள் உள்ளூர் அமைப்புகள் வழியாக நடக்கின்றன. அப்படி ஒரு திட்டத்துக்கான உச்சவரம்பு 5 கோடி நேபாள ரூபாயாக இருந்தது. 2024 ஜனவரியில் 20 கோடியாக உயர்த்தப்பட்டது.

இந்தியாவின் மானியத் திட்டங்களில் நான் மிகவும் மதிப்பது இலங்கையில் நடந்த வீட்டுத் திட்டம். போரால் வீடிழந்தவர்களுக்காக வடக்கிலும் கிழக்கிலும் 46,000, மலையகத் தோட்டப் பகுதிகளில் 4,000 என 50,000 வீடுகளுக்கு இந்தியா 1,372 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளை ஒப்பந்தக்காரர் வந்து ஒரே அச்சில் வார்த்துவிட்டுப் போகவில்லை. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், வேலை நடந்த அளவைச் சரிபார்த்துத் தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே போடப்பட்டது. அத்திவாரம் எங்கே, வாசல் எந்தத் திசையில் என்று முடிவெடுத்தவர்கள் அங்கே வாழப்போகிறவர்கள். கணவரை இழந்த பெண்கள் தனியாக நின்று வீட்டை எழுப்ப வேண்டியிருந்த சுமையும் இந்த முறையில் இருந்தது. ஆனாலும் உதவி பெறுபவரை வீட்டின் உரிமையாளராக நடத்திய முறை இது. மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது.

பயிற்சி கொடுப்பதும் இந்தக் கணக்கில் வருமா?

வரும், ஆனால் ‘நாடுகளுக்கான உதவி’ என்ற 5,483 கோடிக்கு வெளியே தனித் தலைப்பில். முதல் பதிலில் சொன்ன ஐடெக் திட்டத்தில் சுமார் 160 நாடுகளிலிருந்து அலுவலர்களும் பொறியாளர்களும் வந்து சில வாரங்களோ மாதங்களோ படித்துவிட்டுப் போகிறார்கள். பயணம், தங்குமிடம், கட்டணம் எல்லாம் இந்தியாவின் பொறுப்பு. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் அப்படிப் பயிற்சி தரும் இடங்களில் ஒன்று. செலவும் குறைவு, பல்லாண்டு நிற்கும் பயனும் அதிகம்.

2022-இல் இலங்கைக்கு 400 கோடி டாலர் கொடுத்தோம் என்றார்கள். பட்ஜெட்டில் 300 கோடி ரூபாய்தான் இருக்கிறது. எது பொய்?

இரண்டும் உண்மை. முதலில் அலகைக் கவனியுங்கள். ஒன்று டாலர், மற்றொன்று ரூபாய். பிறகு பையைக் கவனியுங்கள். 2022-இல் கொடுத்ததில் 40 கோடி டாலர் ரிசர்வ் வங்கியின் நாணயப் பரிமாற்ற ஏற்பாடு. எரிபொருளுக்கான 50 கோடி டாலர் எக்ஸிம் வங்கியின் கடன் வரம்பு. உணவு, மருந்து போன்ற இன்றியமையாப் பொருள்களுக்கான 100 கோடி டாலர் பாரத ஸ்டேட் வங்கியின் கடன். இவற்றோடு, நாடுகளுக்கிடையிலான வர்த்தகக் கணக்கைத் தீர்க்கும் ஆசியத் தீர்வகத்தின் வழியாக இலங்கை நமக்குக் கட்ட வேண்டியிருந்த தொகைகளுக்குத் தவணை தள்ளிவைக்கப்பட்டது. இவற்றில் எதுவும் வெளியுறவு அமைச்சகத்தின் 300 கோடிக்குள் வராது. அந்த 300 கோடி வீடு, மருத்துவமனை போன்ற மானியத் திட்டங்களின் ஆண்டுச் செலவு.

நாணயப் பரிமாற்றத்தை உதவி என்று அழைக்கலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அது குறுகிய காலக் கைமாற்று. ஆனால் பெட்ரோல் நிலையங்களில் நாள்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு அது உதவியாக இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது.

அண்டை நாடுகளின் பங்கு 64 சதவீதம் என்று ஓரிடத்தில் படித்தேன். இன்னோரிடத்தில் 79 என்கிறார்கள். தேர்வில் எதை எழுத?

இரண்டுக்கும் மேலே இருக்கும் எண் ஒன்றே. பூட்டான், நேபாளம், மாலத்தீவு, மியான்மர், இலங்கை, பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஏழும் சேர்ந்து 4,320 கோடி. அதை அமைச்சகத்தின் மொத்தத் திட்டச் செலவான 6,750 கோடியால் வகுத்தால் 64 சதவீதம். ‘நாடுகளுக்கான உதவி’ என்ற 5,483 கோடியால் வகுத்தால் ஏறத்தாழ 79 சதவீதம். அரசு பயன்படுத்தும் எண் 64. எதை எழுதினாலும் எதன் விகிதம் என்று சேர்த்து எழுதுங்கள்.

யார் உட்கார்ந்து பங்கு போடுகிறார்கள்? ஏதாவது சூத்திரம் இருக்கிறதா?

சூத்திரம் இல்லை. மத்திய நிதிக்குழு மாநிலங்களுக்கு வரிப்பங்கைப் பிரிக்கும்போது மக்கள்தொகை, பரப்பு, வருமான இடைவெளி என்று அளவுகோல்கள் உண்டு. வெளிநாட்டு உதவிக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை.

நடைமுறை இதுதான்: உதவி வேண்டும் நாடு தன் தேவையைத் தூதரகம் வழியாகவோ தலைவர்கள் சந்திப்பிலோ முன்வைக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தில் 2012 ஜனவரியில் அமைக்கப்பட்ட வளர்ச்சிக் கூட்டாண்மை நிர்வாகப் பிரிவு, அந்த நாட்டுக்கான பிரிவோடு சேர்ந்து அதைப் பரிசீலிக்கிறது. நிதி அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். பெரிய தொகையென்றால் அமைச்சரவை வரை போகும். ஆண்டுத் தொகையைக் கணக்கிடும்போது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திட்டங்களில் அந்த ஆண்டு எவ்வளவு வேலை நடக்கும் என்பதே முதல் கேள்வி. அதனால் பட்டியலின் பெரும் பகுதி, பழைய வாக்குறுதிகள் தாமாகவே எழுதிவைத்த பட்டியல். புதிதாகத் தீர்மானிக்க மிஞ்சுவது கொஞ்சம்தான்.

மாலத்தீவோடு சண்டை வந்ததும் பணத்தை வெட்டிவிட்டார்கள், சமாதானமானதும் கூட்டிவிட்டார்கள். சரியா?

அப்படித் தோன்றுவது இயல்பு. 2023-24 தொடக்க மதிப்பீட்டில் 400 கோடி. அதே ஆண்டின் திருத்திய மதிப்பீட்டில் சுமார் 770 கோடி. அந்த ஆண்டின் பிற்பகுதியில் ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தோடு முகமது முய்சு மாலத்தீவின் அதிபராக ஆட்சிக்கு வந்தார். 2024-25-இல் 400 கோடி ஆனது. 2025-26-இல் 600 கோடி.

ஆனால் கவனியுங்கள், 770 என்பது ஆண்டின் இடையில் திருத்திய தொகை, 400 என்பது ஆண்டின் தொடக்கத்தில் வைத்த தொகை. தொடக்கத்தைத் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் 400, 400, 600 என்றுதான் வரிசை நிற்கிறது. அந்த ஒப்பீட்டில் வெட்டு தெரிவதில்லை. மாலேயையும் அருகிலுள்ள தீவுகளையும் இணைக்கும் பாலம் போன்ற வேலைகள் எந்த ஆண்டு வேகமெடுக்கின்றனவோ அந்த ஆண்டு செலவு ஏறும். அரசியல் உறவு தொகையைத் தொடவே தொடாது என்று நான் சொல்லவில்லை. உறவு கசந்தால் பழைய திட்டங்கள் மெதுவாகும், புதியவை வராது. 2025 ஜூலையில் உறவு சீரானபோது அறிவிக்கப்பட்ட 4,850 கோடி ரூபாய், பட்ஜெட் பட்டியலில் அல்ல, கடன் வரம்பாகவே வந்தது.

தாலிபான் ஆட்சிக்கு நாம் ஏன் 100 கோடி கொடுக்கிறோம்?

ஆட்சிக்குக் கொடுக்கவில்லை. 2001-க்குப் பிறகு இந்தியா ஆப்கானிஸ்தானுக்கு 300 கோடி டாலருக்கு மேல் உதவி அறிவித்தது. சரஞ்ச்-தெலாராம் நெடுஞ்சாலையும் காபூலில் நாடாளுமன்றக் கட்டடமும் அதில் எழுந்தவை. 2021 ஆகஸ்டுக்குப் பின் பெரிய கட்டுமானங்கள் நின்றுவிட்டன. கோதுமை, மருந்து, மாணவர்களுக்கான படிப்புதவி ஆகியவை தொடர்கின்றன. 2021-22 பட்ஜெட்டில் 350 கோடியாக இருந்தது படிப்படியாக இறங்கியதற்கு இதுவே காரணம். 2024-25-இல் ஒதுக்கிய 200 கோடியும் திருத்திய மதிப்பீட்டில் 50 கோடியாகக் குறைந்தது.

சபஹார் ஒரு துறைமுகம். அது எப்படி ‘நாடுகளுக்கான உதவி’யில் வந்தது?

பாகிஸ்தானைத் தொடாமல் ஆப்கானிஸ்தானுக்கும் நடு ஆசியாவுக்கும் சரக்கு அனுப்ப நமக்கு வழி வேண்டும் என்பதற்காகச் செலவாகும் பணம் அது. மியான்மரில் சித்வே துறைமுகத்தையும் கலடன் ஆற்றுவழியையும் அமைப்பதும் மிசோரத்துக்குக் கடல்வழி கிடைப்பதற்காகவே. இவை உதவி என்ற தலைப்பில் இருந்தாலும் நம் சொந்தப் போக்குவரத்துத் தேவைகள். அந்தந்த நாட்டுக்கும் பயன் இருக்கிறது என்றாலும், தலைப்பை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

தமிழ்நாடு அரசு தன் பணத்தில் இலங்கைக்கு உதவலாமா?

வெளியுறவு என்பது அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்திய அரசின் பட்டியலில் இருப்பதால், மத்திய அரசின் அனுமதியின்றி முடியாது. அனுமதியோடு முடியும் என்பதை 2022 காட்டியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் என மொத்தம் 123 கோடி ரூபாய் மதிப்பிலான பொருள்களை அனுப்ப இசைவு கோரி, ஏப்ரல் 29 அன்று தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. தமிழர்களுக்கு மட்டுமென்று பிரிக்காமல் இலங்கை மக்கள் அனைவருக்குமாக அது அனுப்பப்பட்டதை நினைத்து நான் இன்றும் பெருமைப்படுகிறேன். இந்தச் செலவு மாநிலக் கணக்கு. மேலே சொன்ன எந்தத் தொகையிலும் இது சேராது.

எந்த நாடு ஏழையோ அதற்குத்தானே அதிகம் கொடுக்க வேண்டும்?

தேவையை மட்டும் வைத்துப் பங்கிட்டால் ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகள்தான் முதலில் வரும். மாலத்தீவும் மொரிஷியஸும் தலைக்கான வருமானத்தில் நம்மைவிட மிக மேலே இருப்பவை. அவை பட்டியலின் உச்சியில் இருப்பதற்குக் காரணம் இந்தியப் பெருங்கடலில் அவை இருக்கும் இடம். பணம் எல்லையையும் கடல்வழியையும் பின்பற்றிப் போகிறது. வறுமை இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. இதை நேராக ஒப்புக்கொள்வது நல்லது.

தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் என்ற ஐ.நா. இலக்கு 1970-இல் வளர்ந்த நாடுகளுக்காக வைக்கப்பட்டது. இந்தியாவை அது கட்டுப்படுத்தாது. உதவி தரும் பணக்கார நாடுகளின் குழுவிலும் இந்தியா உறுப்பினர் அல்ல. ஒப்பீட்டுக்காகச் சொன்னால், நம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 100 ரூபாய்க்கு 2 பைசாவுக்கும் குறைவாகவே 5,483 கோடி வருகிறது. 0.7 சதவீதத்தை எட்டியிருந்த பிரிட்டனும் 2021-இல் 0.5-க்கு இறங்கி, 2027-இல் 0.3-க்குப் போவதாக அறிவித்திருக்கிறது.

இங்கே பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது. வெளியே ஏன் கொடுக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்மேல் எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை. கூரை ஒழுகும் பள்ளியில் படித்தவர்கள்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். இரண்டாம் பதிலில் சொன்ன 11 பைசாவை நிறுத்தினால் அந்தக் கூரை சரியாகிவிடாது, ஏனென்றால் அது ஒழுகுவதற்குக் காரணம் மீதி 99 ரூபாய் 89 பைசா செலவாகும் விதத்தில் இருக்கிறது. கொடுப்பதில் நமக்கும் பயன் உண்டு என்பதைச் சபஹார், பூட்டான் மின்சாரம் இரண்டிலும் பார்த்தோம்.

ஆனால் அது மட்டுமே காரணமென்றால் நேபாளத்தில் 2015 நிலநடுக்கத்தில் இடிந்த வீடுகளுக்குப் பதிலாக கோர்க்காவிலும் நுவாகோட்டிலும் 50,000 வீடுகள் கட்ட உதவியதற்குக் கணக்கு சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் நம் வீட்டுக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம்.

கொடுத்த பணம் ஒழுங்காகச் செலவானதா என்று எங்கே பார்ப்பது?

ஒரே இடத்தில் பார்க்க முடியாது. இதுதான் என் நெடுநாள் குறை. மானியம் ஓர் அமைச்சகத்தின் கணக்கிலும், வட்டி ஈடு இன்னோர் அமைச்சகத்தின் கணக்கிலும், கடன் நிலுவை எக்ஸிம் வங்கியின் ஆண்டறிக்கையிலும், நாணயப் பரிமாற்றம் ரிசர்வ் வங்கியின் அறிக்கையிலும் சிதறிக் கிடக்கின்றன. நான்கையும் சேர்த்து நாடுவாரியாக ஓர் ஆண்டறிக்கையை அரசு வெளியிட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் பாதி எழவே எழாது.

அதுவரை, வெளியுறவு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் ‘நாடுகளுக்கான உதவி’ என்ற பகுதியை எடுத்து, தொடக்க மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, ஈராண்டுகளுக்கு முந்தைய உண்மைச் செலவு என்ற மூன்று பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பிறகு வெளியுறவு விவகாரங்களுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அந்த மானியக் கோரிக்கைகள்மீது ஆண்டுதோறும் தரும் அறிக்கையைப் பாருங்கள். எந்தத் திட்டத்தில் எவ்வளவு செலவாகாமல் கிடக்கிறது, அமைச்சகம் அதற்கு என்ன காரணம் சொன்னது என்பவை அங்கே எழுத்தில் கிடைக்கும்.